தரங்கம்பாடிக்கு ஒரு பிடி அரிசி

எங்கள் சபை சின்ன சபை. ஞாயிறு ஆராதனைக்கு 60 பேர் வந்துவிட்டால் அன்றைக்குக் கோயில் நிறைந்துவிடும். தஞ்சை மாவட்டத்தில் ஒரு உள்கிராமத்தில் ஓட்டுக் கூரையும் ஒற்றை மணியுமாக நிற்கிற லுத்தரன் கோயில் அது. வாலிபப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விடுகிறார்கள். பெஞ்சுகளில் நரைத்த தலைகள்தான் அதிகம்.

அந்தக் கோயில் திண்ணையில் வாரத்தில் 5 நாள் மாலை வகுப்பு நடக்கிறது. வருகிற 22 பிள்ளைகளில் எங்கள் சபைப் பிள்ளைகள் 6 பேர்தான். மற்றவர்கள் அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகள். இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. சொல்லித் தருகிற அக்காவுக்கு மாதா மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். அதைவிடப் பழைய வேலை ஒன்றும் இருக்கிறது, பிடியரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். முன்பெல்லாம் ஏலம் விட்டுச் சபைச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள். இப்போது திங்கள்தோறும் அதைச் சமைத்து, ஊரில் ஆதரவில்லாமல் தனியாக இருக்கிற முதியவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். யார் எந்த மதம் என்று பார்ப்பதில்லை.

போன வருஷம் சபைக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது கையிருப்பு மிகவும் குறைவாக இருந்தது. ஓட்டை மாற்ற வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். "நம்ம கோயிலையே பாத்துக்க முடியல, ஊருக்கு எதுக்குங்க வகுப்பு?" என்று கேட்டார் ஒரு பெரியவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தக் கோயிலுக்காக ஆயுசு முழுக்க உழைத்தவர் அவர். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் போதகர்தான் சொன்னார்: "முடிவெடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை தரங்கம்பாடிக்குப் போயிட்டு வருவோம்."

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு. விடியற்காலை நாலு மணிக்குக் கோயில் வாசலில் ஜெபம் பண்ணிவிட்டு வேனில் ஏறினோம். எங்கள் சபையிலேயே மூத்தவரான பாட்டி மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்திருந்தார். என்ன பாட்டி என்று கேட்டதற்கு, "சும்மா இருடா, சாமிக்கு" என்றார். மயிலாடுதுறை தாண்டும்வரை ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். பொறையாறு வந்ததும் கடல் காற்று முகத்தில் பட ஆரம்பித்தது.

கோட்டை நகரத்தின் பழைய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. அகலமான தெரு, இரண்டு பக்கமும் டேனிஷ்காரர் காலத்துக் கட்டடங்கள், தெரு முடிகிற இடத்தில் கடல். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து இங்கே கோட்டை கட்டினார்கள் டேனிஷ்காரர்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாங்கள் கோட்டைக்குள் போகவில்லை. பிள்ளைகள் கெஞ்சினார்கள், ஆராதனைக்கு முன்னால் கடற்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று நேராக அங்கே போய்விட்டோம்.

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் கரையிறங்கியதற்கான நினைவுச் சின்னம் கடலோரத்தில் இருக்கிறது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி வைத்த ஜெர்மானிய மிஷனரிகள் இருவரும். சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. எங்கள் வாலிபர் சங்கத்துத் தம்பிகளின் வயது! உடம்பும் அவ்வளவு திடமில்லாதவர். அரசர் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருந்தும் இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகள் அவர்களை நல்ல முகத்தோடு வரவேற்கவில்லை. தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அப்புறம் சீகன்பால்கு என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயதான தமிழ் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார்.

இதைப் போதகர் சொன்னபோது எங்கள் மாலை வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவ்வளவு நேரம் அலையில் ஆடிக்கொண்டிருந்தவள் நின்று கேட்டாள்: "வெள்ளக்காரரு நம்மகூட உக்காந்தா படிச்சாரு?" உபதேசியாராக இருந்த என் தாத்தாவும் இப்படித்தான் மணலைப் பரப்பி எழுதப் பழக்குவார். அந்த மணலின் நறநறப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. மிஷன் வேலை எங்கிருந்து ஆரம்பித்தது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தத் திண்ணையைத்தான் இனிமேல் சொல்வேன். பிரசங்க பீடமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதானே.

ராஜ வீதியில் முதலில் வருவது சீயோன் கோயில். 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டியது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கிறது. 1707 மே 12 அன்று சீகன்பால்கு முதல்முதலாக 5 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கேதான். அந்த ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். ஊரில் பெரிய மனிதர் ஒருவர்கூட அதில் இல்லை. வாசலில் நின்று 5 என்ற எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் 60 பேர் போதாது என்று அல்லவா கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அதே வருஷம் ஆகஸ்ட் 14 அன்று தமிழர்களுக்கென்று எருசலேம் கோயில் என்ற சிறு கோயிலைக் கட்டிப் பிரதிஷ்டை செய்தார்கள். அதைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு ராஜ வீதியில் எழுந்ததுதான் நாங்கள் ஆராதனைக்குப் போன புதிய எருசலேம் கோயில். முகப்பில் அரசரின் கிரீடச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. உள்ளே போனால் சிலுவை வடிவம். நடுவில் நின்றால் நான்கு பக்கமும் சிறகு விரித்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் இதே கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். அதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வெளியே அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபை உள்ளே பாயையும் பெஞ்சையும் பிரித்துப் போட்டது. அன்றைக்கு நாங்கள் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் யார் என்றே எனக்குத் தெரியாது. அதற்காகவே தனியாக ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆராதனை முறைமை எங்கள் ஊரில் நடப்பதுதான். அதே பாவ அறிக்கை, அதே விசுவாசப் பிரமாணம், அதே ராகம். ஊர் மாறினாலும் வாய் தானாகப் பதில் பாடியது. திருவிருந்துக்கு முன்னால் போய் முழங்கால் போட்டபோதுதான் கவனித்தேன், சீகன்பால்கின் கல்லறை பீடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரின் கல்லறையும் அங்கேதான். 1719 பிப்ரவரி 23 அன்று தம் 36-ஆவது வயதில் காலமானார் சீகன்பால்கு. இந்த மண்ணில் ஊழியம் செய்தது 13 ஆண்டுக்கும் குறைவு. நடுவில் ஊருக்குப் போய்வந்த காலத்தையும் கழித்தால் இன்னும் குறைவு. அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு எழுந்த பாட்டி, கல்லறைப் பக்கம் திரும்பி, பேரனின் கன்னத்தைத் தொடுவது போலக் காற்றில் கையை நீட்டி வாயருகே கொண்டுவந்தார். "சின்னப் புள்ள" என்று முணுமுணுத்தார். 82 வயதுப் பாட்டிக்கு 36 வயது சின்னப் பிள்ளைதானே.

ஆராதனை முடிந்ததும் மரநிழலில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். போதகர் அங்கேயும் விடவில்லை. சீகன்பால்கு 1708 கடைசியில் கைதாகி நாலு மாதம் கோட்டைச் சிறையில் இருந்ததைச் சொன்னார். காரணம் ஒரு ஏழை விதவை. செத்துப்போன கணவனின் கடன் விவகாரத்தில் அவளுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று அவளுக்காகப் பேசப்போய், ஏற்கெனவே ஆகாத கோட்டைத் தலைவருக்கும் அவருக்கும் மோதல் முற்றியது. அச்சுக்கூடம் வந்தது, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சானது, பொறையாறில் காகிதம் செய்யப் பட்டறை போட்டார்கள், அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப் பட்டறை என்று பேர், இதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை. ஆனால் அந்த விதவையைப் பற்றி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கூட்டத்தில் கேள்வி கேட்ட பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அவ சபைக்காரியா?" என்று கேட்டார். "அவ ஊருக்காரி" என்றார் போதகர்.

பெரியவர் வேறெதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒன்றைச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது எங்கள் சபையிலிருந்து இதே ஊருக்குச் சோறு கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு ஆராதனைக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பிடியரிசிப் பானைகளை அடிவரை கவிழ்த்து உலை வைத்தார்கள். மறுநாள் விடியும்போது வண்டியில் பொட்டலங்களோடு இங்கே வந்து நின்றார்கள். கரையோரக் குப்பத்தில் ஒரு அம்மா பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "அன்னிக்கும் கையிருப்பு இல்லதான்" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும் நேரம் பாட்டியைக் காணவில்லை. தேடிக்கொண்டு கோயிலுக்குள் போனால், கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அந்தச் சபை அம்மா ஒருவரோடு நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பை இப்போது திறந்திருந்தது. உள்ளே அரிசி. ஒரு வாரத்துப் பிடியரிசி, இரண்டு படி இருக்கும்.

"எந்த ஊருலேருந்துமா வர்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. பாட்டி ஊர்ப் பேரைச் சொன்னார். "தாய்க் கோயிலுக்கு வெறுங்கையோட வரலாமா? அதான்" என்றார்.

அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். பையை வாங்கிப் பீடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது பையின் அடியில் கொஞ்சம் அரிசி இருந்தது. எங்கள் அரிசி இல்லை. எங்களுடையது புழுங்கல், இது பச்சரிசி. "எங்க சபையிலேருந்தும் ஒரு பிடி. உங்க ஊருல யாருக்காச்சும் பொங்கிக் குடுங்கம்மா" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் பாட்டி பையை யாரிடமும் கொடுக்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. கோயில் பின்கட்டில் உலை கொதித்ததும் பாட்டி அந்த அரிசியை எங்கள் புழுங்கலரிசியோடு சேர்த்துப் போட்டார். பச்சரிசி சீக்கிரம் வெந்து கொஞ்சம் குழைந்துவிட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குக் கிளம்பியவர் கையிருப்பைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவர். மாலையில் திண்ணை விளக்கைப் போட்டதும் அவர்தான்.