ஸ்பிரே நின்ற பிறகு

பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய மே மாதம்தான் நாமக்கல் பக்கத்துப் பெயிண்ட் பட்டறைகளுக்கு உச்சகாலம். வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதற்குள் துருவைச் சுரண்டி, பட்டி பூசி, மஞ்சள் அடித்து முடித்தாக வேண்டும். கரூருக்கு பஸ் பாடி, நாமக்கல்லுக்கு லாரி பாடி, திருச்செங்கோட்டுக்கு போர்வெல் போடும் ரிக் வண்டி என்று ஊருக்கு ஒரு பேர் இருந்தாலும், எல்லா வண்டியும் கடைசியில் வந்து நிற்பது பெயிண்ட் ஷெட்டில்தான்.

பணியிடக் காற்றை அளந்து, அங்கே வேலை செய்கிறவர்களின் உடல்நலத்துக்கு என்ன ஆபத்து என்று அறிக்கை எழுதுவது என் தொழில். நாமக்கல்–திருச்செங்கோடு சாலையில் இருக்கும் ஒரு பட்டறைக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த அறிக்கை தவறு. அந்தத் தவறு ஒரு மனிதருக்கு ஓராண்டைத் தின்றுவிட்டது.

முதல் முறை போனபோது கரைப்பான் ஆவியை அளக்கும் கைக்கருவியை மட்டும் எடுத்துப் போனேன். தின்னரில் டொலுயீனும் சைலீனும் இருக்கும்; தலைசுற்றல், வாந்தி, நாள்பட்டால் நரம்புக் கோளாறு என்று அவற்றின் பாதிப்புகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஷெட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. கருவி காட்டிய அளவு வரம்புக்கு வெகு கீழே இருந்தது. 'காற்றோட்டம் போதுமானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தின்னர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தெருமுனையிலேயே நெடி வரும். ஹார்ட்னர் அப்படியல்ல. இப்போது பேருந்துகளுக்கு அடிக்கிற பெயிண்டும் கிளியர் கோட்டும் பெரும்பாலும் இரண்டு டின் சரக்கு: ஒன்றில் பெயிண்ட், இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். அடிப்பதற்குச் சற்றுமுன் கலக்க வேண்டும். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது நொடியில் ஆவியாகும் திரவம். ஹார்ட்னரில் இருப்பதோ எளிதில் ஆவியாகாத கனமான வகை. டின்னில் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. ஸ்பிரே கன்னின் வாயிலிருந்து நுண்துளியாகச் சிதறும்போதுதான் நேராக நுரையீரலுக்குள் போகிறது. என் கைக்கருவி அளப்பது ஆவியை. துளி அதன் கண்ணில் படாது. மூக்கும் எச்சரிக்காது, ஏனென்றால் வாடை தெரிகிற அளவுக்கு வருவதற்குள் பாதுகாப்பு வரம்பு தாண்டியிருக்கும். பிரிட்டனில் வாகனப் பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற உழைப்பாளர்களைவிட 80 மடங்கு என்று அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது.

மறு ஆண்டு மே மாதம் அதே பட்டறைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். பெயிண்ட் மேஸ்திரி இளைத்திருந்தார். நாற்பத்துநான்கு வயது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இருமல் ஆரம்பித்தால் விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறாராம். சளி என்று ஒரு மருத்துவர், தூசி ஒவ்வாமை என்று இன்னொருவர். வேலை முடித்ததும் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டால் பெயிண்ட் நெஞ்சில் தங்காது என்று தொழில் கற்றுத் தந்தவர் சொல்லியிருந்ததை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்றார். இந்தப் பக்கத்து மில்களில் வெல்லத்தைப் பற்றியும் இதையே சொல்வார்கள். பழம் போவது வயிற்றுக்கு. துளி போய்த் தங்குவது மூச்சுக்குழாயில். இந்த நம்பிக்கை எத்தனை பேரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனம் பதைக்கிறது.

"லீவு நாளில் எப்படி இருக்கிறதுங்க அண்ணா?" என்று கேட்டேன்.

"மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தேனுங்க சார். இருமலே இல்லை. திரும்பி வந்து ரெண்டாம் நாள் மறுபடி நெஞ்சு அடைத்துக்கொண்டதுங்க."

இந்த ஒரு பதிலை எந்தக் கருவியும் தந்திருக்காது. வேலையிலிருந்து விலகினால் குணமாகி, திரும்பினால் வருகிற இளைப்பு தொழில்சார் ஆஸ்துமாவின் அடையாளம். ஐசோசயனேட் பட்டுப் பல மணிநேரம் கழித்துக்கூட மூச்சு இறுகும். அதனால்தான் ராத்திரி இருமலையும் பகல் வேலையையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. முதல் முறை போனபோதே இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அன்று அவர் வேலை செய்வதை முழுதாக நின்று பார்த்தேன். அடிக்கும்போது கார்பன் முகமூடி போட்டிருந்தார். பக்கவாட்டுத் தகட்டை முடித்துக் கன்னை நிறுத்தியதும் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஈர மஞ்சளின் மேல் முகத்தைச் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சம் அலை இல்லாமல் நேராக விழுகிறதா என்று பார்த்தார். ஒரு சாண் தூரம். நல்ல பெயிண்டர் எவரும் செய்வது இது. புகைபோல் தெரிந்தது அடங்கியிருந்ததால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அவர் நினைத்தார். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துளிகள் அதற்குப் பிறகும் வெகுநேரம் மிதக்கும். அடிக்கிற நேரம் முழுக்க முகமூடிக்குள் இருந்துவிட்டு, அடித்து முடித்த நிமிடத்தில் அதை எடுப்பதுதான் அவருக்கு வினையானது. கார்பன் முகமூடியும் இந்த வேலைக்குப் போதாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வருகிற முகக்கவசம் வேண்டும்.

ஷெட் தெளிய எவ்வளவு நேரமாகிறது என்று கண்டுபிடிக்க, திருச்செங்கோட்டில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவரிடம் புகை இயந்திரத்தை வாடகைக்கு வாங்கினேன். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஷெட் முழுக்க வெண்புகையை நிரப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டதுபோல் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பேருந்தின் பின்பக்க மூலையில் இழை இழையாக நின்றுகொண்டிருந்தது. கடைசி இழை போக 22 நிமிடமாயிற்று. பெயிண்ட் அடிப்பதற்கென்றே கட்டிய நல்ல பூத் என்றால் சில நிமிடங்களில் முடியும் காரியம். ஃபேன் வெளியே தள்ளிய புகையும் போய்த் தொலையவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து, நான்கு பெண்கள் உட்கார்ந்து பட்டி தேய்க்கும் கொட்டகைக்குள் நுழைந்தது. அங்கே வைத்திருந்த டீ கேனின் மேல் வெள்ளையாகப் படிந்து நகர்ந்ததைப் பட்டறை முதலாளியும் பார்த்தார். என் அறிக்கையின் எந்தப் பக்கமும் செய்யாததை அந்தக் காட்சி செய்தது.

அந்தப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பேருந்தின் மஞ்சளை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது அவர்கள் வேலை. நகக்கண்ணெல்லாம் மஞ்சள், விசேஷ வீட்டில் மஞ்சள் அரைத்துவிட்டு வந்த கை போல. பழைய மஞ்சள் பெயிண்டுகளில் ஈயக் குரோமேட் இருந்திருக்கலாம். ஈயம், புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் இரண்டும் அந்தத் தூசியில் சேர்ந்து வரும். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுகளுக்கும் அலங்காரப் பெயிண்டுகளுக்கும் மட்டுமே. அந்தக் கையோடுதான் முறுக்கு சாப்பிடுகிறார்கள். அந்தச் சேலையோடுதான் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. கை கழுவச் சோப்பும் குழாயும், வேலைக்கென்று ஒரு மேல்சட்டையும் வைக்கச் சொன்னேன். மறுநாளே வைத்தார்கள்.

கழிவு விஷயத்தில் மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. கன் கழுவிய தின்னரைப் பின்புற வேப்பமரத்தடியில் ஊற்றுவது அங்கே பல வருடப் பழக்கம். பெயிண்ட் கசடு அபாயகரக் கழிவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்காமல், அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி. "நாலு லிட்டர் தின்னருக்கா இவ்வளவு?" என்று முதலாளி கேட்டார். நொய்யல் ஆற்றைப் பற்றிச் சொன்னேன். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதையும், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மரத்துக்குப் பத்தடி தள்ளி அவர்களுடைய சொந்தக் குடிநீர் போர்வெல் இருக்கிறது. அதைக் கை நீட்டிக் காட்டியபோதுதான் பேச்சு நின்றது.

குழாய்க் காற்று முகக்கவசம் வாங்கினார்கள். மாட்டிப் பார்த்த பையன் டீசல் வாடை வருகிறது என்றான். கம்ப்ரஸர் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் புகையையே இழுத்துத் தந்துகொண்டிருந்தது. காற்று இழுக்கும் வாயைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றி, சுவாசக் காற்றுக்கான வடிகட்டியும் பொருத்திய பிறகுதான் அதைப் போடச் சொன்னேன்.

மேஸ்திரிக்கு இது எதுவும் பயன்படவில்லை. ஒருமுறை உடம்பு ஐசோசயனேட்டை எதிர்க்கப் பழகிவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். ஷெட் பக்கமே போகக்கூடாது என்று நுரையீரல் மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது வாசலோரத் தனிக் கொட்டகையில், ஹார்ட்னர் கலக்காத எனாமலில் தூரிகையால் வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிறார். கூலி குறைவு. ராத்திரி தூங்குகிறார்.

ஷெட் கதவில் '22 நிமிடம் கழித்தே முகக்கவசத்தை எடுக்கவும்' என்று சிவப்பில் எழுதியிருப்பது அவர் கைதான். இந்த எண் கதவுகள் திறந்திருக்கும்போது எடுத்தது. ஆடி மாதம் மேற்கேயிருந்து புழுதிக்காற்று அடிக்க ஆரம்பித்தால், ஈரப் பெயிண்டில் மண் ஒட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் தார்பாயை இறக்கிக் கட்டிவிடுவார்கள். ஆடி ஒன்றாம் தேதிக்கு மறுநாள் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். புகை இயந்திரத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.