கார் தினமும் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

என் காரின் தினசரி ஓட்டம் மொத்தமே இவ்வளவுதான்: காலையில் மகளைப் பள்ளியில் விட 2 கிலோமீட்டர், சாயங்காலம் கூட்டிவர அதே 2 கிலோமீட்டர், நடுவில் எப்போதாவது காய்கறி வாங்கப் போவது. தினமும் எடுக்கிறோமே, பேட்டரிக்கு என்ன வந்துவிடும் என்றுதான் இருந்தேன். முதல் பேட்டரி 2 வருஷத்தில் போனது. சரி, அதன் ஆயுள் அவ்வளவுதான் போல என்று மாற்றினேன். புதியதும் ஒரு வருஷம் முடிவதற்குள், ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருக்க, மகள் பின்சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாமல் இன்னொரு பேட்டரி வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரி காலியாகிறது என்று பலரும் சொல்வார்கள். நானும் நம்பினேன், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது, 2 விநாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், செலவாவது 0.11 ஆம்பியர்-அவர்தான் (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் 1 ஆம்பியர்-அவர்). எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர் இதைச் சில நிமிஷங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் கார் சும்மா நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. 40 மில்லிஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 ஆம்பியர்-அவர், ஒரு வாரத்தில் 7-க்குப் பக்கம். 45 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது சின்ன விஷயமே இல்லை. நாளுக்கு 23 மணி நேரத்துக்கும் மேல் நிற்கிற கார் என்னுடையது!

ஓடுகிற அந்தக் கொஞ்ச நேரத்திலும் ஹெட்லைட், ஏசி புளோயர், வைப்பர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன, சிக்னலில் நிற்கும்போது ஆல்டர்நேட்டரும் குறைவாகத்தான் கொடுக்கிறது. இதைவிட முக்கியமானது, கார்களில் வழக்கமாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி அவசரப்பட்டுச் சார்ஜ் ஏறாது. 80 சதவீதம் வரை ஓரளவு வேகமாக ஏறும், மீதி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் வேண்டும், 8 நிமிஷ ஓட்டத்தில் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. இப்படிப் பாதி வயிற்றோடே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் படியும் லெட் சல்பேட் இறுகிக் கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அந்தப் பகுதி பழையபடி வேலை செய்யாது. என் இரண்டு பேட்டரிகளையும் கெடுத்தது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கினேன். ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும் (ஓட்டி முடித்த கையோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டும், நம்பாதீர்கள்). 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. எனக்கு வந்தது 12.1.

இப்போது மாதம் இரண்டு முறை ராத்திரியில் ஸ்மார்ட் சார்ஜர் போடுகிறேன். 4, 5 ஆம்பியர் போதும். நிறைந்ததும் அதுவே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். கிளிப்புகளை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும், காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும், ஒரு தீப்பொறி போதும் வெடிக்க. ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் ஆகும் வசதி) உள்ள கார்களில் நெகட்டிவ் டெர்மினலில், பேட்டரியின் சார்ஜைக் கணக்கிடும் ஒரு சென்சார் இருக்கும். அந்தக் கார்களில் நெகட்டிவ் கிளிப்பை நேராகப் பேட்டரியில் மாட்டாமல், கையேட்டில் சொல்லியிருக்கும் பாடி எர்த்தில் (காரின் உலோக உடலில் உள்ள இணைப்பு இடம்) மாட்டுங்கள். ஏஜிஎம் பேட்டரி (கண்ணாடி நார் விரிப்பில் ஆசிட்டை உறிஞ்சிவைத்திருக்கும் லெட்-ஆசிட் வகை) என்றால் சார்ஜரிலும் அந்த மோடு இருக்க வேண்டும்.

சார்ஜர் வைக்க வசதி இல்லாதவர்கள் வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட்டுங்கள், முழுதாக நிறையாவிட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும். வீட்டு வாசலிலேயே 10 நிமிஷம் எஞ்சினை ஓடவிடுவது வீண். பெட்ரோல்தான் போகும், பேட்டரிக்குப் பெரிதாக எதுவும் வந்து சேராது. பார்க்கிங்கிலும் பதிவு செய்கிற டேஷ்கேம் இருந்தால், தயவுசெய்து அந்த மோடை அணைத்துவிடுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, காயவைத்து, வாஸலின் தடவினால் போதும்.

சார்ஜ் போட்டும் தேறாத பேட்டரியும் உண்டு. முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி விட்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலை இல்லை. 9.6-க்கும் கீழே விழுந்தால் புதியது வாங்க வேண்டிய நேரம்தான், ஆனால் அதற்கு முன்னால் டெர்மினல் லூஸாக இருக்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிடுங்கள்.