உதடு குறுகுறுத்த பிறகு மருந்து தேடக் கூடாது

உதட்டோரத்தில் நாலைந்து நீர்க் கொப்புளம் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து, பொருக்குத் தட்டி, ஒரு வாரம் பத்து நாள் ஆளைப் படாதபாடு படுத்துமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல்லி எச்சம் பட்டுவிட்டது, பூச்சி கடித்துவிட்டது, உடம்புச் சூடு, உள்காய்ச்சல் என்று வீட்டுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கொட்டாவி விட்டால் பொருக்கு பிளக்கும். ரசம் பட்டால் உயிர் போகும். எதிரில் நின்று பேசுகிறவர் நம் முகத்தைப் பார்க்காமல் உதட்டையே பார்த்துப் பேசுவார்.

எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே எப்போதாவது வரும், போகும். விற்பனை வேலைக்கு மாறி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று பைக்கில் சுற்ற ஆரம்பித்த பிறகு கோடை தவறாமல் வருகிறது. போன சித்திரையில் வந்தது மட்டும் மற்றதைப் போலச் சும்மா விட முடியாததாகிவிட்டது. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருந்தது. முப்பதாம் நாள் பேர் வைக்கிறார்கள். நான்தான் தாய்மாமன். அதற்குள் ஆறியாக வேண்டும்.

முதலில் தெருமுனை மெடிக்கல். கடைக்காரர் கண்ணாடியைக்கூட மூக்குக்கு இறக்கவில்லை. "சூடுதான் தம்பி, பி காம்ப்ளெக்ஸ் போடுங்க, இளநீர் குடிங்க." வாயின் உள்ளே வரும் புண்ணுக்கும், கடைவாய் வெடிப்புக்கும் கொடுக்கிற அதே மாத்திரை. வெளியே உதட்டு விளிம்பில் வரும் இந்தக் கொப்புளம் வேறு ஜாதி, வைரஸ் வேலை. சத்து மாத்திரைக்கு அது அசையாது. ஒன்றுக்குப் போனால் மஞ்சளாகப் போனதுதான் கண்ட பலன்.

அடுத்த கடையில் இன்னும் மோசம். "இது எல்லாத்துக்கும் கேட்கும்ணே" என்று ஒரு டியூபை எடுத்து நீட்டினான் பையன். படர்தாமரைக்கும் அரிப்புக்கும் ஊரே தடவுகிற கலவைக் களிம்பு: ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக், மூன்றும் ஒரே டியூபில். தடவினால் முதல் ராத்திரி எரிச்சல் அடங்கியது, நிஜம்தான். அதுதான் ஸ்டீராய்டின் சூட்சுமம். அந்த இடத்தில் உடம்பு நடத்துகிற சண்டையை அது அமுக்கிவிடும், சிவப்பும் வீக்கமும் குறையும், வைரஸுக்குக் கொண்டாட்டம். பிறகு பார்த்தால் மூக்குத் துவாரத்துக்குக் கீழே புதுசாக ஒரு கொத்து. 2018-லேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கடையில் கேட்டால் பற்பசை எடுத்துக் கொடுப்பதுபோல இன்னும் எடுத்துக் கொடுக்கிறார்கள். டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் உதட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதற்குள் மானாமதுரைப் பெரியம்மா வந்து இறங்கிவிட்டார். பார்த்தவுடன் தீர்ப்பு: "இது அக்கிடா. எழுதினாத்தான் போகும்." வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. அவர் ஊரில் அக்கிக்குக் காவியால் எழுதுகிற ஒரு வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். திண்ணையில் கொட்டாங்குச்சியில் குழைத்த காவி இருந்தது. பெரியவர் என் தாடையை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது அக்கி இல்லம்மா. அக்கி ஒரு பக்கமாப் பட்டை பிடிச்சுப் போகும். இது உதட்டுல திரும்பத் திரும்ப வர்றது. நான் வாயில எழுத மாட்டேன், டாக்டர்ட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை. அன்று வரைக்கும் என் உதட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். அக்கியும் இதுவும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சின்னம்மை தந்த வைரஸ் பல வருஷம் கழித்துக் கிளம்பினால் அக்கி. உதட்டில் வருவது அதன் ஒன்றுவிட்ட தம்பி.

நடுவில் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினார். வைரஸுக்கு ஆன்டிபயாடிக். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தோல் டாக்டருக்கு போனில் டோக்கன் வாங்கி, அரை நாள் லீவு போட்டுப் போனால், வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல், "டாக்டர் வெளியூர், திங்கள் வாங்க" என்றார். டோக்கன் கொடுத்தீர்களே என்றேன். "அது நேத்து கொடுத்தது சார்." இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இதில் ஒரு பாடம்: கிளம்பும் முன் இன்னொரு முறை போன் போட்டு, டாக்டர் அறையில் உட்கார்ந்துவிட்டாரா என்று கேளுங்கள். டோக்கன் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

திங்கட்கிழமை பார்த்த டாக்டரம்மா வேறு ரகம். கேட்ட முதல் கேள்வியே, "கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் குறுகுறுன்னு இருந்துச்சா?" இருந்தது. எறும்பு ஊர்வது மாதிரி, அப்புறம் லேசாகக் காந்தல். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் அதே இடம். "அந்த நேரத்துலதான் மருந்து வேலை செய்யும். இப்பப் பொருக்குத் தட்டியாச்சு, இனி எது போட்டாலும் தானா ஆறுற வேகத்துலதான் ஆறும்" என்றார். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. வைரஸின் பெயர் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், வகை 1. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாரோ கொஞ்சி முத்தம் கொடுத்ததில் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மனஉளைச்சல், பெண்களுக்கு மாதவிலக்கு, இப்படி ஏதாவது சாக்குக் கிடைத்தால் அதே நரம்பு வழியாக இறங்கி வரும். அடியோடு ஒழிக்க மருந்து கிடையாது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம், அதாவது சுமார் 380 கோடிப் பேரிடம், இந்த வைரஸ் இருப்பதாக 2020-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வராது. நமக்கு வருகிறது, அவ்வளவுதான்.

கையோடு அடுத்த தடவைக்கான சீட்டும் எழுதிக் கொடுத்தார். வாலாசைக்ளோவிர், குறுகுறுப்பு தெரிந்ததும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். ஒரே நாள், முடிந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு ஆகாது, குறைத்துத்தான் தருவார்கள். அதனால் என்னைப் பார்த்து யாரும் வாங்கிப் போட வேண்டாம், உங்கள் டாக்டரிடம் உங்களுக்கான அளவை எழுதி வாங்குங்கள். போட்டால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மாயம் எதுவும் நடக்காது, சராசரியாக ஒரு நாள் முன்னால் ஆறும் என்றுதான் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் கடையில் அடுத்த கூத்து. 1 கிராம் மாத்திரை இல்லை, 500 மில்லிகிராம்தான் இருந்தது. "வேளைக்கு நாலு மாத்திரையா? தப்பா எழுதியிருக்காங்க சார், நாள்பட ஒண்ணு ஒண்ணாப் போடுங்க" என்றார். பிறகு சீட்டை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி, "இது ஹெர்பிஸுக்குல்ல? அந்த மாதிரி வியாதிக்குக் கொடுக்கிறதாச்சே?" என்றார். பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்ற அம்மா ஓர் அடி தள்ளி நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உதட்டைக் காட்டி, "அண்ணே, இதுக்குத்தான். இது பத்து வீட்டுக்கு ஆறு வீட்ல இருக்கு, உங்க வீட்லயும் இருக்கலாம்" என்றேன். கிளினிக்குக்குப் போன் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அளவு சரிதான் என்று அங்கிருந்து சொன்ன பிறகுதான் அட்டை வெளியே வந்தது. இந்த வகை மருந்துகளில் முன்னோடியான அசைக்ளோவிர் பிறந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988-லேயே நோபல் பரிசு கொடுத்தாயிற்று. நம் ஊர்க் கல்லாவில் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

பேர் வைக்கிற நாள் வந்தபோது பொருக்கு பாதிதான் உதிர்ந்திருந்தது. டாக்டரம்மா மற்ற எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னவர், குழந்தை விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இது ஒட்டினால் மூளை, கல்லீரல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. தோல் முழுசாக மூடுகிற வரை முத்தம் கூடாது, கிட்டேயே போகாமல் இருப்பது இன்னும் நல்லது. விசேஷ வீட்டில் இதைச் சொன்னால் விடுவார்களா? "தாய்மாமன் மடியில வைக்காம என்னடா பேரு?" என்று பெரியம்மா ஆரம்பிக்க, இன்னும் இரண்டு அத்தைகள் சேர்ந்துகொண்டார்கள். சீனித்தண்ணி தொட்டு வைப்பதைக் குழந்தை டாக்டரே தடுத்திருந்தார், அந்த மட்டும் தப்பித்தேன். கடைசியில் தங்கச்சிதான் எழுந்து, "அண்ணன் சீர் வச்சாப் போதும், பிள்ளையை நான் வச்சுக்கிறேன்" என்று ஒரே அதட்டு. வெள்ளி அரைஞாணையும் கொலுசையும் தட்டில் வைத்துவிட்டு, மாஸ்க்கோடு தள்ளி உட்கார்ந்துகொண்டேன். போட்டோவில் ஏதோ ஆபரேஷன் தியேட்டரில் இருந்து வந்தவன் மாதிரி இருக்கிறேன். பரவாயில்லை.

இப்போது வீட்டில் சில வழக்கங்கள் ஏற்பட்டிருக்கின்றன. புண் இருக்கும் நாட்களில் என் துண்டு தனி, டம்ளர் தனி. அண்ணாந்து குடிக்கிற வீட்டுப் பழக்கம் இதற்கு எவ்வளவு தோது என்பது அப்போதுதான் புரிந்தது. ஷேவிங் செய்வதில்லை, பிளேடு இழுக்கிற வழியெல்லாம் பரவும். மேலாளர் தாடியைப் பார்த்து முறைத்தால் முறைக்கட்டும். களிம்பு என்றால் அசைக்ளோவிர் 5 சதவீதம், அதையும் ஆரம்பத்திலேயே, ஒரு நாளைக்கு ஐந்து முறை. பஞ்சுக் குச்சியால் ஒற்றி வைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன். வைரஸ் கண்ணுக்குப் போய்க் கருவிழியைக் கெடுத்தால் பார்வைக்கே வினை. கண் சிவந்து, வெளிச்சம் கூசினால், கடையில் சொட்டு மருந்து கேட்காமல் நேராகக் கண் டாக்டரிடம் ஓடுங்கள்.

பொருக்கு காய்ந்து இழுக்கும்போது வாசலினைத் தொட்டு வைத்தால் பிளக்காது. ஊறுகாய், எலுமிச்சை சாதம், காரச் சட்னி எல்லாம் கொஞ்ச நாள் தள்ளி. சுண்ணாம்பு வைத்தால் கொப்புளம் கருகிவிடும் என்று ஓர் ஆலோசனை கட்டாயம் வரும். கருகுவது நம் உதடு. வெயிலுக்குத் துணிக்கட்டு, அதோடு எஸ்.பி.எஃப். 30 போட்ட லிப் பாம். ஆம்பளைக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் உசிலம்பட்டி ரோட்டில் மத்தியானம் ஒரு நடை போய் வரட்டும்.

ஆடி மாதம் காய்ச்சல் ஒன்று வந்து போன கையோடு, வண்டியில் போகும்போதே மேலுதட்டில் அந்தக் குறுகுறுப்பு. ஓரங்கட்டி, பையில் இருந்த அட்டையைப் பிரித்து, ஒரு பாட்டில் தண்ணீரோடு அங்கேயே போட்டேன். மீதியை ராத்திரி. மறுநாள் லேசாகத் தடித்து, இரண்டு சின்னப் பொட்டு எழுந்தது, நீர் கோக்காமலேயே அடங்கிவிட்டது. மருந்தாலா, அந்தத் தடவை எனக்கு அதிர்ஷ்டமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகத்தில் யாரும் என் உதட்டைப் பார்த்துப் பேசவில்லை, எனக்கு அது போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாவிட்டாலோ, வருஷத்துக்கு ஆறு முறைக்கு மேல் வந்தாலோ, புற்றுநோய் சிகிச்சை மாதிரி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருந்தாலோ இந்த ஒருநாள் கணக்கெல்லாம் பொருந்தாது, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் போடுகிற மாதிரி எழுதுவதும் உண்டு. மற்றவர்கள் உதடு நன்றாக இருக்கும்போதே போய், அடுத்த தடவைக்கு என்று கேட்டுச் சீட்டு வாங்கி, மாத்திரையையும் வாங்கி வைத்துவிடுங்கள். பழைய சீட்டுக்கு மருந்து தர மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம், சண்டை போடாதீர்கள். அட்டையில் காலாவதித் தேதி உள்ள ஓரத்தைக் கிழிக்காமல் மறு ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டு வாருங்கள்.