முதலில் டூல், அடுத்து மேசை, அதன் பிறகுதான் புரோகிராம்

ரோபோட்டிக்ஸ் லேப் எடுக்கப்போகும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "ஏபிபி ரோபோக்களுக்குப் புரோகிராம் எழுதும் ராப்பிட் மொழியை எதில் படிக்கலாம்?" என்பதுதான். மொழியைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். மூவ்ஜே (மூட்டுகளைத் திருப்பி நகர்த்துவது), மூவ்எல் (நேர்கோட்டில் நகர்த்துவது) ஆகிய இரண்டு கட்டளைகளையும் ஒரு மதியத்தில் பழகிவிடலாம். லேப் நேரத்தில் பெரும்பங்கை டூல் (கையின் நுனியில் மாட்டும் கருவி, அதன் முனை இருக்கும் இடம்), வொர்க் ஆப்ஜெக்ட் (வேலை நடக்கும் மேசையின் இடமும் திசையும்) இரண்டையும் அமைக்கக் கொடுங்கள். வகுப்பில் கரும்பலகையில் நின்றுபோன மேட்ரிக்ஸ் எல்லாம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தது ஏபிபி ஐஆர்பி 120 என்ற ரோபோ கை. ஆறு அச்சுகள், 25 கிலோ எடை, 580 மி.மீ. எட்டும், 3 கிலோ தூக்கும். உருவத்தில் சிறியது, ஆனால் விரலை நசுக்கிவிடும். அதனால் பெண்டன்ட்டை (ரோபோவை இயக்கும் கைக்கருவியை) கையில் வாங்கியதும் அதிலுள்ள எனேபிளிங் சுவிட்சைப் பழகுங்கள். நடு நிலையில் பிடித்தால் மட்டும் மோட்டார் இயங்கும். விட்டாலும் நிற்கும், இறுக அழுத்தினாலும் நிற்கும். பதற்றத்தில் சிலர் கையை விடுவார்கள், சிலர் இன்னும் இறுகப் பிடிப்பார்கள். இருவரையும் காப்பாற்றத்தான் இந்த மூன்று நிலைகள். குறைவேக மேனுவல் நிலையில் வினாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் கை நகராது. கற்பவர்களுக்கு அதுவே போதும்.

ஒவ்வோர் அச்சாக ஜாக் செய்த (பெண்டன்ட்டால் நகர்த்திப் பார்த்த) பிறகு, முனையை நேர்கோட்டில் நகர்த்தும் லீனியர் முறைக்கு மாற்றுங்கள். முனை நேர்கோட்டில் போக எத்தனை மூட்டுகள் சேர்ந்து திரும்புகின்றன என்று பாருங்கள். முனை போக வேண்டிய இடத்திலிருந்து மூட்டுக் கோணங்களைக் கணக்கிடுவதை இன்வர்ஸ் கினமாட்டிக்ஸ் என்று படித்தது அதுதான். ஐந்தாம் அச்சைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுபோய் அதே லீனியர் ஜாக்கை முயலுங்கள். நான்காம், ஆறாம் அச்சுகள் ஒரே கோட்டில் வந்துவிடுவதால் முனை சிறிது நகரவே அவை வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். சிங்குலாரிட்டி என்று கன்ட்ரோலர் நிறுத்திவிடும். மூட்டு வேகங்களை முனை வேகத்தோடு இணைக்கும் ஜாக்கோபியன் மேட்ரிக்ஸின் டிட்டர்மினன்ட் பூஜ்யமாவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி டூல். மேசையில் ஒரு கூர்முனையை அசையாமல் நிறுத்தி, டூலின் முனையால் அதை நான்கு வெவ்வேறு சாய்வுகளில் தொட்டு நான்கு புள்ளிகளைப் பதிய வேண்டும். சாய்வுகள் ஒன்றுக்கொன்று நன்றாக மாறுபடட்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் இருந்தால் கிடைக்கும் விடையை நம்ப முடியாது. கன்ட்ரோலர் சராசரிப் பிழையைக் காட்டும். அதோடு விடாமல் ரீஓரியன்ட் முறையில் ஜாக் செய்து பாருங்கள். கை முழுதும் சுற்றி வளைந்தாலும் முனை இடம் பெயரக் கூடாது. பெயர்ந்தால் மறுபடி தொடுங்கள். புதிதாக உருவாக்கும் டூலில் நிறை -1 என்று இருக்கும். உண்மையான எடையைப் போட்டால்தான் டூல் வேலை செய்யும்.

வொர்க் ஆப்ஜெக்டுக்கு மூன்று புள்ளிகள் போதும்: எக்ஸ் திசையில் இரண்டு, ஒய் திசையில் ஒன்று. ஒரு பேனாவை மாட்டி, மேசைமேல் உள்ள தாளில் ஒரு சதுரம் வரையச் செய்யுங்கள். பிறகு மேசையைக் கொஞ்சம் தள்ளித் திருப்பி, அந்த மூன்று புள்ளிகளை மட்டும் மறுபடி பதியுங்கள். புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றாமலே சதுரம் தாளில் பழைய இடத்தில் விழும். 4×4 டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸ் எதற்கு என்று அப்போது யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இவ்வளவும் ஆனபின் புரோகிராம் எளிது. நகர்வுக் கட்டளையில் இசட்50 என்றால் மூலையை வளைத்துக்கொண்டு போகும், ஃபைன் என்றால் புள்ளியில் நின்று போகும். பொருளை எடுக்கும் இடத்தில் எப்போதும் ஃபைன். ரோபோட்ஸ்டூடியோ என்ற சிமுலேஷன் மென்பொருளில் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள், லேப் நேரம் மிச்சமாகும். ஆனால் திரையில் நீங்கள் வரைந்த இடத்தில் நிஜ மேசை இருக்காது. லேபுக்குப் போனதும் வொர்க் ஆப்ஜெக்டை அளந்து பதிந்த பிறகே ஓட்டுங்கள்.

வைவாவில் ரிப்பீட்டபிலிட்டிக்கும் அக்யூரசிக்கும் வேறுபாடு கேட்பார்கள். நாம் கற்றுக்கொடுத்த புள்ளிக்கு ஐஆர்பி 120 0.01 மி.மீ. அளவில் திரும்பி வரும், அது ரிப்பீட்டபிலிட்டி. எண்களாகத் தட்டச்சு செய்த ஓரிடத்துக்கு எவ்வளவு சரியாகப் போகிறது என்பது அக்யூரசி. அங்கே உங்கள் டூல், வொர்க் ஆப்ஜெக்ட் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். அதனால் ரெக்கார்டு நோட்டில் புரோகிராமுக்கு மேலே டூலின் சராசரிப் பிழையையும் எழுதி வையுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.