மில் சங்கு கேட்காத ஊரில்

கோயம்புத்தூரில் வளர்ந்தவன் நான். அப்பா மில்லில் ஷிப்ட் போன காலத்தில் எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிடச் சங்கைத்தான் நம்புவோம். அகமதாபாத்தில் முதல் நாள் விடியற்காலையில் தூக்கம் கலைந்ததும் காது அதைத்தான் தேடியது. வந்ததோ ஆட்டோ ஹாரன். 1861இல் முதல் மில் ஓடத் தொடங்கிய ஊர் இது. 1980களிலும் 90களிலும் பெரும்பாலான மில்கள் மூடப்பட்டுவிட்டன.

போனது ஒரு கருத்தரங்குக்கு. இரண்டாம் நாள் மத்தியான அமர்விலிருந்து நைசாக நழுவி ஆசிரமச் சாலைக்கு ஆட்டோ பிடித்தேன். (மாணவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) அங்கே மில் முதலாளிகள் சங்கத்துக்காகக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1954இல் கட்டி முடித்த கட்டடம் இருக்கிறது. பூச்சில்லாத கான்கிரீட். முதல் மாடிக்கு நேராக ஏறும் சாய்தளம். சாலைப் பக்கம் மேற்கு வெயில் உள்ளே விழாதபடி கான்கிரீட் பலகைகளைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். ஆற்றுப் பக்கம் அவை நேராக நிற்கின்றன. காற்று தாராளமாக உள்ளே வருகிறது. வகுப்பில் இதன் படத்தை எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். அந்தக் காற்று எந்தப் படத்திலும் இல்லை.

ஆற்றுப் பக்கத்தை ஏன் அப்படித் திறந்துவிட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். சபர்மதி மணலில் சாயத் தொழிலாளிகள் துணியை அலசிக் காயப்போடுவது, கொக்கு, மாடு, தண்ணீரில் பாதி மூழ்கிய எருமை, கழுதை எல்லாம் அங்கிருந்து தெரியுமாம். அழகான வருணனைதான், ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். முதலாளிகள் மாடியில் நிழலில் கூட்டம் போடுவார்கள், கீழே வெயிலில் துணி துவைப்பவர்கள் அவர்களுக்கு வேடிக்கையாக இருப்பார்கள். அங்கே நின்றபோது அந்த வேடிக்கையும் இல்லை. ஆற்றின் இரு கரையும் கான்கிரீட். 2012இல் திறந்த நடைபாதை. நர்மதைக் கால்வாயிலிருந்து வரும் தண்ணீர். கரையோரக் குடிசைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டன. கட்டடம் மட்டும் அதே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சாயங்காலம் பால்டி பக்கம் ஆற்றோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டினேன். பக்கத்திலேயே தேசிய வடிவமைப்பு நிறுவனம். நம் லோட்டாச் சொம்பைப் புகழ்ந்து அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியர் 1958இல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் தொடங்கியது. 1969இல் அங்கே மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒன்று வந்து இறங்கியது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர். அதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய், பகவாஜ் என்ற வடநாட்டு மத்தளம் வாசிப்பவர். இவர் 1946இல் நியூயார்க் போய் இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை படித்தார். கேஜ் அவரிடம் காசு வாங்கவில்லை, அதற்குப் பதிலாக இந்திய இசை கற்றுக்கொண்டார். மனதை அமைதிப்படுத்தி இறையருளுக்கு ஏற்றதாக்குவதே இசையின் நோக்கம் என்று கீதா சொன்னதைக் கேஜ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கருவியில் அங்கே பதிவாகிப் பல காலம் கிடப்பில் இருந்த ஒலிநாடாக்கள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. நான் கேட்டது அதைத்தான். உண்மையைச் சொன்னால், பாதி எனக்குப் புதுச் சுவிட்சைத் தட்டிப் பார்க்கும் பிள்ளைகள் மாதிரிதான் பட்டது. மீதி விட மாட்டேன் என்கிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? மில்லிலிருந்து. 1918இல் நெசவாலைத் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய் நின்றார். தொழிலாளர் பக்கம் அவருடைய சொந்த அக்கா அனசூயா. நடுவில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அந்த அம்பாலாலின் மகள்தான் கீதா. வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கிய கௌதம், கிரா இருவரும் அம்பாலாலின் பிள்ளைகளே. விண்வெளி விஞ்ஞானி விக்ரமும்தான்; அவரை மணந்து சென்னையிலிருந்து இங்கே வந்த மிருணாளினி 1949இல் தர்ப்பணா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே இந்த ஊரின் நவீனம் பாதி முடிந்துவிட்டது போலும்.

மில் வேலைக்கு வந்த தமிழர்கள் மணிநகர்ப் பக்கம் இருக்கிறார்கள் என்றார்கள். அங்கிருந்த தமிழ்வழிப் பள்ளி 2020இல் மூடப்பட்டது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். மறுநாள் இரவு அங்கே ஓர் இட்லிக் கடையில் பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர்.

"எந்த ஊருங்க தம்பி?"

"கோயம்புத்தூருங்க ஐயா."

"அட, மில்லு ஊரு!" என்றார். மில்லில் ஃபிட்டராக இருந்தவராம். பேரன் குஜராத்தியில் ஏதோ கேட்க, இவர் தமிழில் பதில் சொன்னார். இருவருக்கும் அது வழக்கம்போல. என் கழுத்தில் தொங்கிய இயர்போனைக் காட்டி, "என்னங்க பாட்டு?" என்றார். அரை நூற்றாண்டுக்கு முன் இந்த ஊரிலேயே மெஷினில் போட்ட பாட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கவனமாகக் கேட்டார்.

"எங்கயோ பேரிங் போயிருக்குதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.