படலைக்கு வெளியே நின்றவள்

"அக்கா, புருசன் வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்தது நான்தானே, பிறகு நான் எப்படி விவாகரத்து வழக்குப் போடுறது?" தங்கச்சி முதலில் கேட்டது இதைத்தான். ஊர்ச்சனமும் அப்படித்தான் கதைத்தது, வந்தவள் மேல்தான் பிழையாம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எங்கள் சொத்துக்குத்தான். விவாகரத்துக்கு இலங்கையின் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம், அதில் காரணங்கள் மூன்றே மூன்று: கலியாணத்துக்குப் பிறகு வேறொருவருடன் உறவு, வன்மத்துடன் கைவிடுதல், கலியாணம் செய்யும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. இரண்டு பேருக்கும் சம்மதம், மனம் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ஒரு வருசம் பிரிந்திருந்தால் காணும் என்று மச்சாள் போனில் சொன்னது கனடாச் சட்டம்.

ஆனால் கைவிடுதல் என்றால், வாசலைத் தாண்டியது யார் என்று மட்டும் பார்ப்பதில்லை. அடித்தோ, இனி இருக்கவே முடியாது என்ற அளவுக்குக் கொடுமைப்படுத்தியோ ஒருத்தியை வெளியேற வைத்தால், உள்ளே இருந்தவர்தான் கைவிட்டவர். சட்டத்தரணி இதைச் சொன்னபோது தங்கச்சி அழுதுவிட்டாள், எத்தனை பெண்கள் இது தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

வழக்கு நடக்கும் காலத்துக்குச் செலவுப்பணம் கேட்டு மனுவும், சொல்வது உண்மை என்று உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கும் சத்தியக்கடதாசியும் போட வேண்டியிருந்தது. டைப் அடித்து வந்த தாளில் "தினமும் மதுபோதையில் வந்து" என்று ஒரு வரி. அந்த மனுசன் குடிப்பதே இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது" என்றார் டைப் செய்தவர். எனக்குச் சரியான கோபம். நீங்கள் நேரே கண்டதும் அனுபவித்ததும் மட்டும்தான் அதில் இருக்க வேண்டும், ஒரு பொய் குறுக்கு விசாரணையில் பிடிபட்டால் நீங்கள் பட்ட உண்மையான பாட்டையும் ஒருவரும் நம்பமாட்டார்கள், பொய்ச்சாட்சியம் குற்றமும்கூட. தயவுசெய்து வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

தங்கச்சி அந்த வரியை வெட்டிவிட்டு நடந்ததை எழுதினாள்: மார்கழி மழை, இரவு, பூட்டிய படலை, மதிலுக்கு வெளியே நனைந்து கிடந்த பிள்ளையின் புத்தகப்பை.

சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான், தன் வீட்டு விறாந்தையில் வைத்து, நாங்கள் சைவம் என்பதால் 'சத்தியம் செய்து' என்று இருந்ததை 'உறுதியுரைத்து' என்று திருத்தினார். பிறகு முழுவதையும் அவளையே வாசிக்கச் சொன்னார். புத்தகப்பை வரியில் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்து, கையெழுத்து வைத்தாள்.