மான் போட்ட பள்ளம்

கடந்த வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்ட அப்பாவின் றலிச் சைக்கிளைக் கோட்டை வாசலருகே மான் ஒன்று இழுத்து விழுத்திவிட்டது. ஹான்டிலில் தொங்கிய அருச்சனைப் பையிலிருந்த வாழைப்பழமே அதன் குறி. கோட்டை மான்களுக்கு விரதமும் இல்லை, வெட்கமும் இல்லை. விழுந்த வேகத்தில் ஹான்டில் சுழன்று மேற்பாரில் இடித்ததில், பெருவிரல் நுனி அமரும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

அன்று மாலையே எங்கள் உவர்மலை வீட்டு முற்றத்தில் விசாரணை தொடங்கியது. "இரும்பு ஒருமுறை நசுங்கினால் பிறகு நம்பக்கூடாது" என்றார் சித்தப்பா, தமது வானின் முன்பக்கம் என்ன நிலையில் இருக்கிறது என்பதை மறந்து. பழைய இரும்பு எடுப்பவர் எந்தக் கிழமை வருவார் என்று அம்மா கேட்டார்.

சைக்கிள் திருத்துபவரோ பேசாமல் பள்ளத்தின் விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தார்; வெடிப்போ கூரிய மடிப்போ இல்லை. ஹான்டில் குழாயோடு கீழ்ப்பார் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைத் தடவினார். அங்கே சுருக்கம் இருந்திருந்தால் ஓடவே கூடாதாம். பிறகு அம்மாவின் பூக்கட்டும் நூலை வாங்கி, பின்சக்கரம் பூட்டும் கவையின் ஒரு பக்கத்திலிருந்து முன்னால் ஹான்டில் குழாயைச் சுற்றி மறுபக்கக் கவைவரை இழுத்துக் கட்டினார். நூலுக்கும் சீற் குழாய்க்கும் இடையே இரு பக்கமும் 25 மில்லிமீற்றர். பிரேம் கோணவில்லை. உருக்கு வளைந்து காட்டிய பிறகே பெரும்பாலும் முறியும் என்றும், உதிர்ந்த பெயின்றை உடனே பூசாவிட்டால் மான் முடிக்காததை உப்புக்காற்று முடித்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. 74 வயதில், பிரேக் கட்டை தேய்ந்துவிடும் என்று கோயில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வருபவரை நிறுத்த அந்தப் பள்ளத்தைத்தான் நம்பியிருந்தேன். ஆகவே நூலை மறுபடி கட்டி மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் 25.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "அதே நூலால் என்னையும் அளந்து பார், நானும் இரண்டு தடவை விழுந்தவன்தான்" என்றார்.

நேற்று வாழைப்பழத்தை நான் மடியில் மறைத்துக்கொண்டு கூடவே போனேன். திரும்பும்போது, இறக்கம் முழுவதும் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே என்னோடு நடந்து வந்தார். கேட்டதற்கு, "பாருக்குக் காயமல்லவா, பாவம்" என்றார்.